அம்மா சொல்லாத பெயர்

திருநெல்வேலிப் பக்கம் வீட்டின் முதல் ஆண்பிள்ளைக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயரைத்தான் வைப்பார்கள். பிழைக்கத் தாராவிக்கு வந்த பிறகும் எங்கள் ஆட்கள் அதை விடவில்லை. என் தம்பிக்கும் அப்படித்தான் வைத்தார்கள். அது எங்கள் குலதெய்வத்தின் பெயர். சுடுகாட்டுக்குக் காவல் நிற்கிற சாமி என்பதால், அந்தப் பெயருள்ள பிள்ளையைக் காத்துக்கருப்பு அண்டாது என்பார்கள். எங்கள் சந்தில் மட்டும் அந்தப் பெயரில் நாலைந்து பேர் இருந்தார்கள்.

இதில் ஒரு கூத்து உண்டு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. ஆகவே அம்மாவால் பெற்ற பிள்ளையையே பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. தன் தகப்பன் பெயரைச் சொல்லி அதட்ட அப்பாவுக்கும் நா எழாது. ஒருமுறை நான் தம்பியைப் பெயர் சொல்லித் திட்டி, "தாத்தாவையா ஏசுத, மூதேவி?" என்று அம்மாவிடம் முதுகில் வாங்கினேன். என்ன நியாயமோ! வீட்டில் எல்லோருக்கும் அவன் "எய்யா"தான்.

எண்பதுகளின் நடுவில், அவனுக்கு நாலு வயதிருக்கும்போது, ஊரிலிருந்து தாத்தா வந்திருந்தார். பிள்ளையார் கரைக்கிற நாளன்று அம்மா எங்கள் இருவரையும் மாஹிம் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். கூட்டம் ஒரு தள்ளு தள்ளியது. திரும்பிப் பார்த்தால் தம்பியைக் காணோம்.

தொலைந்த பிள்ளைகளுக்காக ஒரு மேடை போட்டு மைக் வைத்திருந்தார்கள். "பச்சே கா நாம் போலோ" என்று பிள்ளையின் பெயரைக் கேட்டார் போலீஸ் ஹவல்தார். அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள், என்னைப் பார்த்தாள். பிள்ளை தண்ணிக்குள் போயிட்டானோ என்று பதறி நிற்கிறவளுக்கு அப்போதும் அந்தப் பெயர் வரவில்லை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்தான் சொன்னேன். மைக்கில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை.

அம்மா மேடைப் படியிலேயே சரிந்து, "எய்யா, ஏ என் எய்யா" என்று கதறிவிட்டாள்.

"என்னம்மா?" என்று மேடைக்குப் பின்னாலிருந்து வந்தான், கையில் யாரோ கொடுத்த பிஸ்கட்டுடன். அவ்வளவு நேரமும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். மைக்கில் கூப்பிட்டது தன்னைத்தான் என்று அவனுக்குத் தெரியவே இல்லை. அம்மா அவனை அடித்தாள், உடனே முத்தினாள், மறுபடி அடித்தாள்.

வீட்டுக்கு வந்து நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கட்டிலில் படுத்திருந்த தாத்தா எழுந்து உட்கார்ந்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "இனிமே அவனப் பேரு சொல்லியே கூப்புடு தாயி" என்றார்.

"ஐயோ மாமா, என் வாய் அழுகிப் போயிரும்."

"ஒண்ணும் அழுகாது. நாளைக்கு இன்னொருக்கா தொலைஞ்சாம்னா? புள்ளைய விடப் பேரா பெருசு? இப்பவே கூப்புடு. நான் கேக்கணும்."

அம்மா எழுந்து வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கண்ணையும் மூடியிருப்பாள். அப்புறம் அந்தப் பெயரைக் கூப்பிட்டாள். வெறும் பெயர், முன்னாலும் பின்னாலும் ஒன்றும் ஒட்டாமல். என் அம்மாவின் வாயில் அது அவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

தம்பி திரும்பவில்லை. தரையில் பம்பரத்தை உருட்டிக்கொண்டிருந்தான்.

"ஆங்" என்று தாத்தாதான் பதில் சொன்னார்.

சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போனார். ஊரில் அவரை அண்ணாச்சி என்பார்கள், பெரியவர் என்பார்கள், மாமா என்பார்கள். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் நிற்கவில்லை.

"எங்க ஆத்தா இப்படித்தான் கூப்புடுவா" என்றார். "அவ போன பெறகு, என்னைய ஒருத்தரும் பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல தாயி."

அம்மா விசும்பினாள்.

"இன்னொருக்கா கூப்புடு" என்றார் தாத்தா.

அம்மா முந்தானையை எடுத்துவிட்டு, அவரைப் பார்த்துக் கூப்பிட்டாள்.