அத்தை எல்லாரையும் சாமி என்றாள்

அத்தை இருந்தவரை, மல்லசமுத்திரத்தில் அவள் வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்துவிடும். "வா சாமி, ஊட்டுல எல்லாரும் நல்லா இருக்கறாங்களா?" எனக்கு மட்டும் கிடைத்த மரியாதை இல்லை இது. பால்காரர் சாமி, பேரன் சாமி, கரண்ட் கணக்கெடுக்க வருகிறவர் சாமி, கட்டுத்தறியில் நிற்கும் கன்றுக்குட்டியும் சாமிதான். எங்கள் பக்கத்தில் பெரியவர் சின்னவர் பார்க்காமல் எல்லாரும் சொல்வதுதான் என்றாலும் அத்தைக்குக் கொஞ்சம் தாராள மனசு.

அந்தத் தாராளம்தான் எங்களை ஏமாற்றியது. அவள் யாரையுமே பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. வேறு ஊராக இருந்தால், பெற்ற மகளின் பெயர் வாயில் வராமல் தடுமாறுகிறவளை சீக்கிரமே கவனித்திருப்பார்கள். அத்தைக்குத் தடுமாற வேண்டிய அவசியமே வரவில்லை. கைவசம் ஒரு சொல் இருந்தது, அது எல்லாருக்கும் பொருந்தியது. வயசாக ஆக அம்மாவுக்குப் பாசம் பொங்குகிறது என்று அத்தை மகள் கேலி செய்துகொண்டிருந்தாள். நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

தலைவலியும் வாந்தியும் நிற்காமல் போனபோது சேலத்துக்கு அழைத்துப் போனோம். டாக்டர் பேனாவைக் காட்டி இது என்ன என்றார். "எழுதறதுங்க" என்றாள் அத்தை. பக்கத்தில் நின்ற மகளைக் காட்டினார்.

"என்ற சாமிங்க."

"பேரைச் சொல்லுங்கம்மா."

அத்தை தன் மகளின் முகத்தையே பார்த்தாள். உதடு அசைந்தது, பெயர் வரவில்லை. வெட்கப்பட்டவளாய் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். ஸ்கேனில் மூளையின் இடது பக்கத்தில் கட்டி தெரிந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், என் பிழைப்பே மூளைக்கட்டிதான். அறுவை சிகிச்சையில் எடுத்த துணுக்குகளில் கெமோகைன் ஏற்பிகள் இருக்கின்றனவா என்று பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். உடம்பில் ஓரிடத்தில் காயம் பட்டால் அங்கிருந்து கெமோகைன் என்ற சின்னப் புரதங்கள் கசியும். வாருங்கள் என்று கூப்பிடுகிற குரல் அது. காவல் காக்கும் வெள்ளை அணுக்கள் தம் மேலுள்ள ஏற்பிகளால் அதைக் கேட்டு ஓடிவரும். கட்டியின் அணுக்களும் அந்தக் காதுகளை வளர்த்துக்கொள்கின்றன. குரல் வரும் திசையில் கட்டியை விட்டு நகர்ந்து, நல்ல மூளைக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. கத்தி அவ்வளவு தூரம் போக முடியாது.

அறுவை சிகிச்சை முடிந்து சில நாளில் அத்தை தன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிள்ளை முதன்முதலாகப் பேசியதுபோல வார்டே சந்தோஷப்பட்டது. "எல்லாத்தையும் எடுத்துட்டாங்கல்ல, புள்ள?" என்று அத்தை மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்துவிட்டார்கள் என்றேன். அவள் பாதியைத்தான் கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை மகள் ஒரு சட்டம் போட்டாள். "இனிமே என்னைய சாமி கீமின்னு கூப்பிடப்படாது. பேருதான் சொல்லோணும், ஆமா." கதிர்வீச்சுக்குப் போகும்போதும், மாத்திரை கொடுக்கும்போதும், தலை வாரும்போதும் பெயரைக் கேட்டு வாங்கினாள். அத்தையும் சளைக்காமல் சொன்னாள். "எத்தன வாட்டிதான் சொல்றது, உம்பேரு உனக்கே மறந்து போச்சா?" என்று ஒருநாள் கடிந்துகொண்டாளாம். அதை எனக்குப் போனில் சொல்லி அத்தை மகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சில மாதம் கழித்து, காலையில் நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் மறுபடி அவளிடமிருந்து போன் வந்தது. விம்மி விம்மி அழுதபடி சொன்னாள்.

"அம்மா இன்னிக்கு என்னைய சாமின்னாங்க, புள்ள."

பெற்றவள் சாமி என்று கூப்பிட்டதற்காக எங்கள் ஊரில் அப்படி அழுத மகள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.