கரப்பந்தாட்டத்துக்கு வந்த பிஸ்டல்

இத்தாலியின் பலேர்மோவில் பிள்ளைகளின் விளையாட்டைப் பார்க்க வரும் தாய் தகப்பன்மாருக்கு ஒரு பழக்கம் உண்டு. நடுவரை ஏசுவார்கள். சும்மா ஏச்சு இல்லை. கண் தெரியாதவள் என்பதில் தொடங்கி அவளின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்து ஏசுவார்கள். எங்கள் பிள்ளைகளின் கரப்பந்தாட்டத்துக்கு விசில் ஊத வருகிறவளுக்குப் பதினெட்டு வயதுதான் இருக்கும். ஆட்டம் முடிந்ததும் அவளையே கட்டிப்பிடித்து, இரண்டு கன்னத்திலும் கொஞ்சி, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள். முதல் தடவை பார்த்தபோது, இண்டைக்கு இஞ்சை அடிபிடிதான் என்று எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. இப்போது நானும் ஏசுகிறேன். தமிழில்தான். அவளுக்கு விளங்காது, எனக்கு ஆறுதல்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு எங்களைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து இங்கே வந்து ஆறு வருஷம். நான் பொலித்தேயாமா பக்கம் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் கூட்டித் துடைத்துச் சமைக்கிறேன். என் மனுசன் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் வெட்டுகிறார். சனிக்கிழமைகளில் அவரைக் கண்ணால் காணக் கிடைக்காது. ஒரே மகள் அனுஷா, பதினொரு வயது. நாங்கள் இருக்கிற போர்கோ வெக்கியோவில், தேவாலயத்து மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கரப்பந்தாட்டம் பழக்குகிறார்கள். நாங்கள் சைவ சமயம். அதை ஒருவரும் கேட்கவில்லை. "ஆள் கட்டைதான், ஆனால் பந்துக்குப் பயப்பிடுறாள் இல்லை," என்று சொல்லி அவளைச் சேர்த்துக்கொண்டவள் பயிற்சியாளர் ரோசாரியா. இத்தாலியர்கள் கதைத்ததை எல்லாம் என் வாய்த் தமிழிலேயே எழுதுகிறேன். எனக்கு அது அப்படித்தான் மனதில் நிற்கிறது.

சனிக்கிழமை பின்னேரங்கள்தான் எனக்குக் கிழமையிலேயே நல்ல நேரம். அனுஷா பந்தை அடிக்கும்போது நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு அடிப்பாள். சனங்கள் "அனூ, அனூ" என்று கத்துவார்கள். என் பிள்ளையின் பெயரை இத்தனை வாய்கள் ஒன்றாகச் சொல்வதைக் கேட்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதை என்னவென்று எழுத! நான் கடலை வடை சுட்டுக்கொண்டு போவேன். அதற்கென்றே என் பக்கத்தில் வந்து குந்துகிறவர் சல்வோ, குழுத் தலைவி ஜூசியின் தகப்பன். பெரிய ஆள், பகிடிக்காரர். மண்டபம் அடுப்பு மாதிரிக் கொதித்தாலும் ஜாக்கெட்டைக் கழற்ற மாட்டார். வேர்த்து ஒழுகும், கழற்ற மாட்டார். இந்த மனிதருக்கு உள்ளே சட்டை கிழிசலோ என்றுகூட நான் நினைத்தது உண்டு.

அரையிறுதி ஆட்டத்தன்று குழுவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். மிச்சம் சரியாக ஆறு பேர். ஒருத்தி குறைந்தாலும் ஆட முடியாது என்று ரோசாரியா தொடக்கத்திலேயே சொல்லியிருந்தாள். முதல் சுற்றை வென்று இரண்டாவதிலும் முன்னுக்கு நின்றோம். சல்வோ என் காலடியில் இருந்த வடைப் பெட்டிக்குக் குனிந்தார். ஜாக்கெட் மேலே ஏறியது. வலது இடுப்பில், பெல்ட்டுக்கு உள்ளே செருகியபடி, கறுத்த பிஸ்டலின் பிடி.

எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். துவக்கை, அதுதான் துப்பாக்கியை, தோளில் போட்டுக்கொண்டு போகிறவனைக் கண்டால் ஒதுங்கி நின்றால் போதும். ஒளித்து வைத்திருக்கிறவனைக் கண்டால் கதை வேறு. அவன் யாரையோ தேடி வந்திருக்கிறான். ஆகவே இரண்டாம் தரம் பார்க்கக் கூடாது. யார், எவர் என்று கேட்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லவும் கூடாது. ஏதோ அடுப்பில் வைத்துவிட்டு வந்த ஞாபகம் வந்தது போல எழும்பி, பிள்ளை குட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். இதை எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான் பத்தாம் வகுப்புப் படித்தபோது இல்ல விளையாட்டுப் போட்டியில் அஞ்சல் ஓட்டத்தின் கடைசி ஆள் நான்தான். கோலை வாங்கிக்கொண்டு ஓடுகிறேன், எனக்கு முன்னால் ஒருத்தரும் இல்லை. திடீரென்று அப்பா கயிற்றைத் தாண்டி ஓடுபாதைக்குள் வந்து என் கையைப் பிடித்தார். "வா, வீட்டை போவம்." அவ்வளவுதான். பின்னால் திரும்பிப் பார்த்தால் சனங்கள் குடையைச் சுருக்கிக்கொண்டு எழும்புகிறார்கள். வேலிப் பக்கம் இரண்டு பொடியள், சட்டை வெளியே விட்டபடி நின்றார்களாம். காற்றுக்கு ஒருவனின் சட்டை தூக்கியதாம். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடந்த இடங்களும் உண்டு, அதனால் அப்பாவில் பிழை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் அந்த ஓட்டம் முடியாமல் போனதற்காக எத்தனையோ வருஷம் அவரோடு உள்ளுக்குள் கோபமாக இருந்தேன்.

அதையேதான் நானும் செய்தேன். எழும்பி நேரே ஆடுகளத்துக்குள் போனேன். அனுஷா பந்தை அடிக்கக் கையை ஓங்கியபடி நிற்கிறாள். அந்தக் கையையே பிடித்தேன். "வா, வீட்டை போவம்."

"அம்மா! என்னம்மா? பொயிண்ட் நடக்குது!"

"கதையாதை. நட."

பின்னால் விசில், சத்தம், ரோசாரியா என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடி வருகிறாள். நான் திரும்பவில்லை. வீடு வந்து கதவைப் பூட்டிய பிறகுதான் வடைப் பெட்டியை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. ஆறு பேரில் ஒருத்தி போனதால் அந்தச் சுற்றை எதிர்ப்பக்கத்துக்குக் கொடுத்து, ஆட்டத்தையும் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் அடுத்த சனிக்கிழமை. அனுஷா சாப்பிடவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

மறுநாள் காலை மனுசனிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டார். "மாஃபியாக்காரனாத்தான் இருக்கும். நீர் ஒண்டும் காணேல்லை, விளங்குதே? பிள்ளையை இனி அங்கை விடாதையும்."

"அவள் அழுகிறாளப்பா."

"அழட்டும். அழுறதுக்கு ஆள் உயிரோடை இருக்குதெல்லே."

திங்கட்கிழமை பின்னேரம் ரோசாரியா என் வடைப் பெட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கூடவே ஒரு பார்சல். பிரித்தால் நீலக் காற்சட்டை, கணுக்கால் வரை நீளம். "சிஞ்ஞோரா, நாங்கள் பிழை விட்டிட்டம். உங்கடை சமயத்திலை பொம்பிளைப் பிள்ளையள் கால் தெரிய உடுக்கக் கூடாது எண்டு எங்களுக்குத் தெரியாது. இதைப் போட்டுக்கொண்டு விளையாடட்டும். மற்றப் பிள்ளையளும் இப்பிடியே போடுறம் எண்டு சொல்லுகினம், அவள் தனிச்சுத் தெரியாமல்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அனுஷாவின் குட்டைக் காற்சட்டையை வாங்கி, இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தவளே நான்தான். அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் எனக்காக அந்த வெக்கைக்குள் நீளக் காற்சட்டை போடப் போகிறார்களாம்! காரணத்தைச் சொல்லவும் பயம், பொய்யை ஒத்துக்கொள்ளவும் வெட்கம். "கிராத்சியே," என்று சொல்லிக் காற்சட்டையை வாங்கி வைத்துக்கொண்டேன். இதைவிடக் கேவலமான நன்றியை நான் ஒருவருக்கும் சொன்னது இல்லை.

அவள் போனதும் அனுஷா அறைக்குள் இருந்து வந்தாள். "ஏன் பொய் சொன்னீங்கள்? ஜூசியின்ரை அப்பாவிட்டைத் துவக்கு இருக்கிறதைத்தானே கண்டனீங்கள்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு ஆர் சொன்னது?"

"எல்லாருக்கும் தெரியும். அவர் போலீஸ். ஒரு நீதிபதிக்குக் காவலாக் காரிலை போறவர். நீங்கள் ஏன் அவரைக் கேக்கேல்லை?"

கேட்பதா! மாஃபியாக்காரர் நீதிபதிகளைக் குண்டு வைத்துக் கொன்று மூன்று வருஷம் ஆன நகரம் இது. இங்கே துவக்கு வைத்திருப்பவன் காவல்காரனாகவும் இருக்கலாம் என்று என் மூளை ஒரு கணம் கூட நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும், துவக்கு வைத்திருப்பவனிடம் போய் ஏன் என்று கேட்கலாம் என்பது பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

சனிக்கிழமை மனுசனுக்குச் சொல்லாமல் அவளைக் கூட்டிக்கொண்டு நேரத்தோடு போனேன். முதலில் ரோசாரியாவிடம் நீளக் காற்சட்டையைத் திருப்பிக் கொடுத்து, "சமயம் இல்லை, பயம்," என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், வாசலில் நின்ற சல்வோவைப் பார்த்தாள், விளங்கிக்கொண்டாள். பிறகு நான் சல்வோவுக்கு முன்னால் போய் நின்றேன். "பிள்ளையள் விளையாடுற இடத்துக்கு அதை ஏன் கொண்டு வாறீங்கள்?"

அவர் கோபிக்கவில்லை. "வீட்டை வைச்சால் சின்னவன் தேடி எடுப்பான். காரிலை வைச்சால், இது பலேர்மோ, காரும் போகும் அதுவும் போகும்." சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். "சிஞ்ஞோரா, நான் ஆரோடை போறன் எண்டு தெரிஞ்ச ஆக்கள் இந்த ஊரிலை இருக்கினம். அவைக்குச் சனிக்கிழமை லீவு இல்லை."

"அப்ப அவை உங்களைத் தேடி இஞ்சைதானே வருவினம்? என்ரை பிள்ளை இஞ்சைதானே நிக்கிறாள்?"

அவர் முகத்தைத் துடைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "என்ரையும்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் இதைத்தான் யோசிக்கிறன். வராமல் விட்டால் ஜூசி கேக்கிறாள். வந்தால் இப்பிடித்தான் வரலாம்."

அவர் என் பக்கத்தில் குந்தவில்லை. கதவுக்குக் கிட்ட, மேல் வரிசை வாங்கில், தனியாகப் போய் இருந்தார். அங்கிருந்து எனக்கு ஒரு கும்பிடு போட்டார். பிழையாக, நெற்றிக்கு மேலே. மனம் லேசாகிவிட்டது. இரண்டு பேரும் ஒரே பயத்தில்தான் இங்கே வருகிறோம் என்று தெரிந்த பிறகு அந்த மனிதரில் எனக்குக் கோபமே வரவில்லை. பிஸ்டல் அங்கே இருப்பது நல்லதா கெட்டதா என்று மட்டும் இன்றைக்கும் எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியாது.

கடைசிச் சுற்றில் பதினான்குக்குப் பதின்மூன்று, நாங்கள் முன்னுக்கு. பந்து அனுஷாவின் கையில். அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கத்துத் தகப்பன் ஒருவர் நடுவரை ஏசிக்கொண்டு துள்ளி எழும்பினார். ஏசினபடியே கையை ஜாக்கெட்டுக்குள் விட்டார். நான் எழும்பிவிட்டேன். என் காலுக்கு என் உத்தரவு தேவைப்படவில்லை. அவர் எடுத்தது முகம் துடைக்கிற கைலேஞ்சி. அது தெரிந்த பிறகும் என்னால் இருக்க முடியவில்லை.

விசில் ஊதியாயிற்று. அனுஷா அடிக்கவில்லை. சனங்கள் "அனூ, அடி!" என்று கத்துகிறார்கள். அவள் பந்தை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, அத்தனை சனத்துக்குள்ளும் என்னைத் தேடிப் பார்த்தாள். மற்றக் கையின் உள்ளங்கையைக் கீழே காட்டி மெல்ல அமுக்கினாள். இருங்கோ அம்மா.

நான் இருந்தேன். அவள் நாக்கை நீட்டிக்கொண்டு கையை ஓங்கினாள். என் கண் இரண்டும் பந்தில்தான் இருந்தன. கால் இரண்டும் கதவுப் பக்கம் திரும்பியிருந்தன.