சுண்ணாம்பு மூட்டையும் மாப்பிள்ளை விசாரணையும்

துடியலூர் மாரப்பன், வெள்ளகோவில் பழனியாத்தாளின் மூத்த மகன், யாரையும் லேசில் நம்பமாட்டார். அதனாலேயே சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்கு வரன் வந்தாலும் பையனை விசாரிக்க அவரைத்தான் அனுப்புவார்கள். பெரியப்பன் பேத்திக்கு வந்தவன் மில்லில் மேனேஜர் என்றார்கள். அந்த மில் பூட்டி வருசமாகிறது என்று பார்த்துவிட்டு வந்தவர் அவர்.

இந்த முறை உடன்பிறந்த தங்கை சென்னியம்மாளின் மகள் வர்ஷினிக்கு. பையன் மிதுன், பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு சின்ன கெமிக்கல் கம்பெனியில் வேலை. "நீங்க செரீன்னாத்தான் தட்டு மாத்துவோமுங்ணா" என்றாள் தங்கை.

மாரப்பன் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய், முதலில் கம்பெனிக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தார். உள்ளே சுண்ணாம்பு மூட்டைகள் இறங்கின. அவருக்குச் சுருக்கென்றது. அவர் பார்த்த வரை, செத்த மாட்டைப் புதைக்கிற குழியில்தான் அத்தனை சுண்ணாம்பு கொட்டுவார்கள். இங்கே என்ன செத்தது?

அவர் கேட்டருகே போனதும் மிதுன் சிரித்துக்கொண்டே வந்தான். "வாங்க மாமா."

"மாமன் முறை இன்னும் முடிவாகல கண்ணு. உள்ள என்ன பண்றீங்க?"

"கந்தகத்து மேல ஃபுளூரின் ஒட்டிட்டிருக்குமுங்க. தண்ணி பட்டாக்கூட லேசுல அசையாது. சரியான மூலக்கூறக் கொண்டு வந்தா மட்டும் ஃபுளூரின் கழண்டுக்கும், இந்த மூலக்கூறு டக்குனு அந்த எடத்துல உக்காந்துக்கும். மருந்து கண்டுபுடிக்கறவங்க, புது பிளாஸ்டிக் செய்யறவங்க எல்லாம் இந்த மொறையத் தேடறாங்க."

"உக்காந்தது சரி. கழண்டது எங்க போகுது?"

"கழிவுத் தண்ணிலீங்க. சுண்ணாம்பு போட்டா அதப் புடிச்சு அடியில சேறாத் தங்கிரும். டிரம்முல அடைச்சு மாசாமாசம் லாரில அனுப்பிருவோமுங்க."

"காட்டு."

பின்பக்கம் டிரம்கள் வரிசையாக நின்றன. மாரப்பன் குனிந்து பார்த்தார். கோவைக்கொடி அடியில் முளைத்து, மூடி வரை ஏறி, காயும் காய்த்திருந்தது.

"மாசாமாசம் போற டிரம்முல கொடி எப்பிடி கண்ணு ஏறுச்சு?"

மிதுன் தலை குனிந்தான். "மழைக்கு முன்னாடி இருந்தே லாரி வரலீங்க. ஓனர் இழுத்தடிக்கறாரு. பொண்ணு ஊட்டுக்காரங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு..."

"பொய்யாச் சொல்லிப்போட்டே."

வெளியே வந்ததும் மாரப்பன் தங்கைக்கு போன் போட்டார். "தட்டு மாத்தறத நிறுத்து அம்மணி. அந்த டிரம்மெல்லாம் மொதல்ல போகட்டும்."

"டிரம்முக்கும் கல்யாணத்துக்கும் என்னங்ணா சம்பந்தம்?"

"அவனக் கேளு. அவனுக்குத் தெரியும்."

மிதுன் ஓனரிடம் சண்டை போட்டான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அடுத்த வாரமே லாரி வந்தது. மாரப்பன் கேட்டருகே நின்று கடைசி டிரம் ஏறும் வரை பார்த்தார். லாரி கிளம்பியதும் மொபெட்டை எடுத்துப் பின்னாலேயே போனார்.

துடியலூர் தாண்டும்போது போன் அடித்தது. ஓரங்கட்டி எடுத்தார்.

"என்னுங்ணா, லாரி போயிருச்சாமே. பையன் ஊட்டுக்குச் செரீன்னு சொல்லிரட்டுங்களா?"

"பொறு அம்மணி. எங்க எறக்கறாங்கன்னு பாத்துப்போட்டுச் சொல்றேன்."