பதினேழாவது கழியில் ஒரு கம்பளம்

அந்தக் கம்பளத்தின் ஒரு முனையில் அறுபத்துநான்கு குஞ்சங்கள் இருந்தன. மறு முனையில் அறுபத்திரண்டு. அந்த இரண்டும் எங்கே போயின என்று கல்யாணமான முதல் மாதத்திலேயே மனைவியிடம் கேட்டேன்.

"வந்ததும் வராததுமா எண்ணியாச்சோ?" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டு, "எனக்குப் பல்லு முளைக்கேக்கை கடிச்சுத் திண்டிட்டனாம். அப்பு சொல்லுவார்" என்றாள்.

தகப்பனை அவள் அப்பு என்றுதான் அழைப்பாள். அவர் யாழ்ப்பாணத்தில் ஓய்வு பெற்ற தபாலதிபர். மனைவியை இழந்தவர். மகளைத் தானே வளர்த்தவர். மலைநாட்டில் வேலை பார்த்த காலத்தில், ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அந்தக் கம்பளம் அவருக்குக் கிடைத்ததாம். ஆறடி நீளம், நான்கடி அகலம். நடுவில் கருஞ்சிவப்பு, ஓரத்தில் தயிர் நிறம். மாலையானால் அதன் ஒரு மூலையில் திண்டைப் போட்டுச் சாய்ந்துகொண்டு சுருட்டுப் பிடிப்பார். அவள் தவழ்ந்ததும் எழுத்துப் படித்ததும் காய்ச்சலில் கிடந்ததும் அதில்தான். கப்பலுக்குப் புறப்பட்ட அன்று அவரே அதைச் சுருட்டி, பழைய வேட்டியில் பொதிந்து, மூன்று இடத்தில் கயிறு கட்டிக் கொடுத்தார். அப்போது அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். "இரண்டு வருஷத்தில் லீவு வரும் மாமா. கூட்டிக்கொண்டு வருவேன்." அவர் தலையை ஆட்டினார்.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில். மலாயாவில் சிம்பாங் அம்பாட்டுக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். பலகை வீடு, இரண்டு அறை, முன்னால் ஒரு கூடம். கூடத்தில் கம்பளத்தை விரித்தால் சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு பக்கம் பதினான்கு அங்குலம், மறு பக்கம் பதினொன்று. நான் அதைச் சரியாக நடுவில் இழுத்துவிடுவேன். அவள் காலால் பழையபடி தள்ளிவிடுவாள்.

கம்பளத்தைப் பராமரிப்பதில் அவள் என்னைச் சேர்க்கவே மாட்டாள். நான் பிரம்பை எடுத்தால் பறித்துவிடுவாள். "அடிச்சால் நூல் நோகும்" என்பாள். சனிக்கிழமை காலையில் பனி காய்ந்ததும் புல்லின் மேல் அதைக் குப்புறப் போட்டு, உள்ளங்கையால் தட்டுவாள். புழுதி தானாகப் புல்லில் இறங்கும். பிறகு கூடத்தில் விரித்து, வடித்த தேயிலையை ஒட்டப் பிழிந்து மேலே தூவி, மெல்லிய புல் துடைப்பத்தால் ரோமம் சாயும் பக்கமாகவே கூட்டுவாள். தேயிலை ஈரத்தில் தூசி ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஈர்க்கு விளக்குமாறு அதன் பக்கம் போகக் கூடாது. மாதம் ஒரு முறை தலைமாடு கால்மாடு மாற்றிப் போடுவாள், ஜன்னல் வெயில் ஒரே பக்கத்தைத் தின்னாமல் இருக்க. வெளியூர் போனால் சுருட்டித்தான் வைப்பாள், மடிக்க மாட்டாள். அடியில் பூச்சிக்குக் காய்ந்த புகையிலைக் காம்பு போடுவாள். அந்தக் காம்பை அப்பு பிஸ்கட் டின்னில் அடைத்து வருஷத்துக்கு இரண்டு தரம் அனுப்புவார்.

ஆனால் ஒருபோதும் அதைத் தண்ணீரில் நனைத்ததில்லை. சில மாலைகளில் திண்டு கிடந்த அந்த மூலையில் தலையை வைத்து ஒருக்களித்துப் படுத்திருப்பாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. மற்றதெல்லாம் எண்ணினேன். இதைக் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் முடிவதற்குள் ரப்பர் விலை விழுந்தது. பல தோட்டங்களில் ஆட்களை நிறுத்தி ஊருக்குக் கப்பலேற்றினார்கள். எங்கள் ஆபீசில் ஐந்து பேராக இருந்த நாங்கள் இரண்டு பேரானோம். லீவு நிறுத்தம் என்று துரை சொன்னார். வேலை மிஞ்சியதே பெரிது என்று இருந்தேன். மூன்றாம் வருஷமும் போயிற்று. நான்காம் வருஷம் அவள் உண்டானாள். "பிள்ளையை அப்பு எப்ப பாக்கிறது?" என்று கேட்டாள். விலை ஏறட்டும் என்றேன். அதன் பிறகு அவள் கேட்கவில்லை. மூலையில் படுப்பது மட்டும் கூடியது.

மழைக் காலத்தில் பிரசவத்துக்காக மலாக்கா டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பெண் குழந்தை. பன்னிரண்டு நாள் அங்கேயே இருக்கட்டும் என்றார்கள். நான் வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்து கம்பளத்தைப் பார்த்தேன். எட்டுக் கறைகள் இருந்தன. காப்பி மூன்று, எண்ணெய் இரண்டு, தெரியாதவை மூன்று. பச்சைக் குழந்தை இதில் கிடந்து இந்தப் புழுதியை மூச்சில் இழுக்குமே என்று எனக்குக் கவலை பிடித்துவிட்டது. அவள் வருவதற்குள் புதுசு போல ஆக்கிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவளைச் சந்தோஷப்படுத்த நினைத்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

கிணற்றடியில் போட்டு, சவர்க்காரம் தேய்த்து, காலால் மிதித்து, இருபத்திரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். நனைந்த கம்பளி என்ன பாரம் என்று அப்போதுதான் தெரிந்தது. வேலியில் போட்ட அரைமணி நேரத்தில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. வீட்டுக்குள் கயிற்றில் தொங்கவிட்டேன். சொட்டிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் அதிலிருந்து ஒரு புளித்த வாடை கிளம்பியது. பூஞ்சணம் பிடிக்கப் போகிறது. அவள் வர இன்னும் ஐந்து நாள்.

என் வேலை என்ன? தினமும் புகைக்கூடத்துக்குப் போய் எத்தனை ரப்பர்ச் சீட்டு உள்ளே போகிறது, எத்தனை வெளியே வருகிறது என்று எண்ணுவது. ஈரமாகப் போகும் சீட்டு, கழிகளில் தொங்கி, கீழே எரியும் விறகுச் சூட்டில் நான்கு நாளில் காய்ந்து வரும். மழையோ வெயிலோ, நான்கே நாள். அதையே பார்த்துப் பழகிய மூளை வேறு எப்படி யோசிக்கும்?

புகைக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கம்பளத்தைத் தூக்கிக்கொண்டு போனதும் அவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"கிராணி ஐயா, இது சீட்டு இல்லீங்களே."

"ஈரந்தானே? எல்லா ஈரமும் ஒண்டுதான்."

"ஆட்டு ரோமமுங்க. புகையக் குடிச்சுப்புட்டு திருப்பித் தராதுங்க."

"எத்தனை டிகிரியில் எரிக்கிறீர்?"

"அதெல்லாம் சரியாத்தான் எரிக்கிறேன். அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவரைத் தாண்டி உள்ளே நுழைந்தேன். பதினேழாவது கழியைக் காலி செய்து கம்பளத்தை அதில் தொங்கவிட்டோம். அன்றைய பதிவில் 'கழி 17: சீட்டு இல்லை' என்று ஒழுங்காக எழுதியும் வைத்தேன்.

நான்கு நாளில் காய்ந்தது. சருகு போலக் காய்ந்தது. தயிர் நிற ஓரம் தேன் நிறமாகிவிட்டது. கறைகளில் ஆறு போயிருந்தன. புகை வாடை கொஞ்சம் இருந்தது. ஒரு நாள் காற்றில் போய்விடும் என்று நினைத்து, கூடத்தில் நடுவாக, இரு பக்கமும் பன்னிரண்டரை அங்குலம் விட்டு விரித்து வைத்தேன்.

அவள் குழந்தையோடு வாசலில் கால் வைத்ததுமே நின்றுவிட்டாள். குழந்தையை என் கையில் கொடுத்தாள். குனிந்து திண்டு மூலையில் முகத்தை வைத்தாள். பிறகு அடுத்த மூலை, அதற்கடுத்தது. நான்கு மூலையையும் மணந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பு இல்லை" என்றாள்.

சொன்ன உடனே சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டது உறைத்து, தன் வாயில் தானே இரண்டு தரம் அடித்துக்கொண்டாள். குழந்தை அழத் தொடங்கியது.

"சீட்டு காயிற மாதிரிக் காயும் எண்டு நினைச்சன்" என்றேன்.

"அது என்ன, உங்கட சீட்டோ? நாலு வருஷமா அந்த மணத்தை வச்சுத்தானே இஞ்சை இருக்கிறன். அதையும் கழுவி ஊத்திட்டீங்களே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சனிக்கிழமைதோறும் அவள் அவ்வளவு மெதுவாகத் தட்டியதும், தண்ணீர் படாமல் காத்ததும், கம்பளத்துக்காக அல்ல. புழுதி போக வேண்டும், சுருட்டு மணம் போகக் கூடாது. அந்த இரண்டையும் பிரித்தெடுக்கிற வேலையைத்தான் அவள் செய்துகொண்டிருந்தாள்.

மறுநாளே கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் செய்தி பரவிவிட்டது. பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் எங்கள் வேலியோரம் நடக்கும்போது ஒருத்தி சத்தமாகச் சொன்னாள்: "கேட்டியாடி, கிராணி ஐயா வீட்டுக் கம்பளம் கருவாடாப் போச்சாம்! மீன் காயப்போடுற கோலா சுங்கை பாருல கூட இப்படிப் போட மாட்டாங்களாம்!" உள்ளே கட்டிலில் படுத்திருந்த என் மனைவி, அதன் பிறகு என்னோடு பேசாதவள், சிரித்துவிட்டாள். சிரிப்பை நிறுத்த முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு அழுதாள்.

அதன் பின் இருவருமாகப் புகையை விரட்ட முயன்றோம். முதல் முறையாக என்னையும் சேர்த்துக்கொண்டாள். ஆப்பச்சோடாவைத் தூவி ஓர் இரவு விட்டுக் கூட்டினோம். அடியில் கரித்துண்டுகளைத் துணியில் கட்டி வைத்தோம். வெயில் நாளில் நிழலில் காற்றாடப் போட்டோம். மூன்று டின் புகையிலைக் காம்பு வந்து தீர்ந்தது. சனிக்கிழமைகளில் நான் ஒரு முனையையும் அவள் மறு முனையையும் பிடித்து உதறுவோம், குழந்தை நடுவில் புல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். இருபதுக்கு மேல் விட மாட்டாள். அப்படி ஒரு வருஷமும் இரண்டு மாதமும். என் ஆயுளில் அந்தச் சனிக்கிழமைகளைத் திருப்பிக் கொடுப்பதாக யாராவது சொன்னால், மற்ற எதையும் கணக்குப் பார்க்காமல் கொடுத்துவிடுவேன். அறுபதுக்கு மேல் இருக்கும். சரியான எண்ணிக்கை என்னிடம் இல்லை. அதுதான் இப்போதும் உறுத்துகிறது.

புகை குறைந்தது, போகவில்லை. மழை வந்தால் திரும்ப எழுந்துவிடும்.

இதற்கிடையில் நான் துரைக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தேன். ஏழு கடிதத்துக்குப் பதில் இல்லை. எட்டாவதற்கு, மனைவியும் பிள்ளையும் போய் வரலாம், கிராணியை அனுப்ப முடியாது என்று பதில் வந்தது. டவுனிலிருந்து ஊருக்குப் போன ஒரு குடும்பத்தோடு அவளை அனுப்பினேன். துறைமுகத்துக்கு ரயில் ஏறும்போது கம்பளத்துக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் சொன்னாள். கடைசியில், "எண்ணுறதை விட்டிட்டு ஒருக்கா மணந்து பாருங்கோ" என்றாள்.

ஏழாவது வாரம் கடிதம் வந்தது. அதை நான் எத்தனை தரம் படித்தேன் என்பதைச் சொல்லப் போவதில்லை. அப்பு பேத்தியைக் கண்டதும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாராம். மெலிந்துவிட்டாராம். வைத்தியர் சொல்லிச் சுருட்டை விட்டு ஒரு வருஷமாகிறதாம். வீடு முழுக்கத் தைலமும் சுண்ணாம்பும்தான் மணக்கிறதாம். 'நான் தேடி வந்த மணம் இங்கேயும் இல்லை' என்று எழுதியிருந்தாள். 'பெட்டியைத் திறந்து சீலையை எடுத்தேன். அப்பு கிட்ட வந்து, இதென்ன பிள்ளை, ஏதோ எரிஞ்ச மணம் என்று கேட்டார். அது எங்கட வீட்டு மணம் அப்பு என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. கம்பளத்தைக் கழுவிப்போடாதேயுங்கோ.'

ஐந்து மாதத்தில் திரும்பினாள். செருப்பைக் கழற்றி, அழுக்குச் சீலையோடு, அந்த மூலையில் அப்படியே படுத்தாள். அடுத்த வருஷம் அப்பு போய்விட்டார் என்று தந்தி வந்தபோதும் அங்கேதான் கிடந்தாள். நான் பக்கத்தில் வெறும் பலகையில் உட்கார்ந்திருந்தேன். கம்பளத்தில் எனக்கும் இடம் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை.

இப்போது மலாக்கா டவுனை அடுத்த புக்கிட் பெருவாங்கில், பின்னால் பிறந்த மகனின் வீட்டில் இருக்கிறேன். கம்பளம் என் கட்டிலுக்குக் கீழே. அவள் கண்ணை மூடிய பிறகும் குஞ்சங்கள் உதிர்ந்துகொண்டே வருகின்றன. ஒரு முனையில் நாற்பத்தொன்று, மறு முனையில் முப்பத்தெட்டு. வாரம் ஒரு முறை தேயிலை தூவிக் கூட்ட வேண்டும் என்கிறேன். மருமகள் மாதம் ஒரு முறைதான் செய்கிறாள். கழுவக் கடைக்குக் கொடுக்கலாமே மாமா என்று இரண்டு தரம் கேட்டாள். மூன்றாம் தரம் கேட்கவில்லை.

என் மூக்கு போய் ஆறு வருஷமாகிறது. கற்பூரம்கூடத் தெரிவதில்லை. நேற்றுப் பின்னேரம் நல்ல மழை. மருமகளைக் கூப்பிட்டேன். அவள் வேலையை விட்டு வந்து, முணுமுணுத்துக்கொண்டே மண்டியிட்டு, நான் காட்டிய மூலையில் முகத்தை வைத்தாள்.

"இருக்கா?" என்றேன்.

"இருக்கு லா மாமா. புகை மணந்தான். எத்தனை தரம் கேப்பீங்க?"