என் கணவரின் மூன்று நிமிட ஆட்டம்

என் கணவர் லேப்டாப்பில் செஸ் ஆடுவார் என்று பெண் பார்க்க வந்தபோது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். அவருக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. பிள்ளைப்பாக்கத்தில் குடியிருந்த எங்கள் சித்தப்பாவும் அதே கம்பெனியில் வேலை செய்ததால், அவரே பேசி முடித்தார். 2012 தொடக்கத்தில் படப்பையில் ஒரு மாடி வீட்டில் குடிவந்தோம். நானும் வேலைக்குப் போனேன். இருவருக்கும் பெரும்பாலும் காலை முதல் ஷிஃப்ட். மூன்றரை மணிக்கு வீடு திரும்பிவிடுவோம். நான் முகம் கழுவி டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் அவர் இன்டர்நெட்டுக்கான டேட்டா கார்டை லேப்டாப்பில் செருகி ஆட ஆரம்பித்திருப்பார்.

ஆளுக்கு மூன்று நிமிடம். ஆட்டம் முழுவதற்கும் அவ்வளவுதான். நேரம் தீர்ந்துவிட்டால், ஜெயிக்கும் நிலையில் இருந்தாலும் தோல்வி. எதிராளி யாரென்று தெரியாது. ஒரு பெயரும் பக்கத்தில் ஒரு நாட்டுக் கொடியும் வரும். ஜெயித்தால் ஏறி, தோற்றால் இறங்கும் ரேட்டிங் என்று ஒரு புள்ளி உண்டு. அந்த இணையதளத்தில் அவருடையது அதிகம். அவருடன் வேலை செய்த பையன்கள் அதைப் பற்றி மரியாதையுடன் பேசுவார்கள். எனக்கு அது புரியவில்லை. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பது சலித்துப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கும் சொல்லிக்கொடுக்கச் சொன்னேன். எந்தக் காய் எப்படிப் போகும் என்று சொல்லிக்கொடுத்தார். அதன்பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன்.

அவர் ஆடுவது பார்க்க நன்றாக இருக்கும். நாலாவது ஐந்தாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயைச் சும்மா கொடுத்துவிடுவார். எதிராளி அதைத் தின்றுகொண்டிருக்கும் நேரத்தில் இரண்டு குதிரைகளும் எதிராளியின் ராஜா வீட்டு வாசலில் நிற்கும். தன் ராஜாவைப் பத்திரப்படுத்தும் வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார். தோற்கும் நிலை வந்தால்தான் இன்னும் அழகு. கையில் ஒரு யானையும் பத்து விநாடியும் இருந்தால் போதும். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் செக் வைத்து எதிராளியைப் பதறவைப்பார்; கடைசியில் அவனுக்கு நேரம் தீர்ந்துபோகும். அப்போது என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

நான் அப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வயரிங் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். வண்டிக்குள் ஓடும் வயர் கட்டுகளைப் பலகையில் விரித்து, ஒவ்வொரு முனையும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தப்பு இருந்தால் சிவப்புச் சீட்டு கட்டி, என்ன தப்பு, எந்த இடம், எத்தனை மணிக்கு என்று எழுத வேண்டும். ஏன் என்று எழுத வேண்டியதில்லை. அது வேறு ஆட்களின் வேலை. நாள் முழுக்க அதையே செய்த கண் வீட்டுக்கு வந்தால் மட்டும் மாறிவிடுமா? ஒரு பழைய டைரியில் அவர் தோற்ற ஆட்டங்களைக் குறிக்க ஆரம்பித்தேன். செஸ் அவ்வளவாகத் தெரியாததால் பார்த்ததை மட்டும் எழுதினேன்.

இரண்டு மாதத்தில் எனக்கே தெரிந்தது. ஒரு ஆட்டம் தோற்றால் மூச்சு விடுவதற்குள் அடுத்ததைத் தொடங்குவார். அதையும் பெரும்பாலும் தோற்பார். மூன்றாவதைத் தோற்கும்போது தாடை இறுகியிருக்கும். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது பலகையைப் பார்ப்பதை விட்டுவிட்டு எதிராளியின் கடிகாரத்தைப் பார்ப்பார். காய்கள் குறையக் குறைய, நேரம் மிச்சம் இருந்தாலும் கை வேகமெடுக்கும். இடது மூலையிலிருந்து குறுக்காக நீளமாக வரும் பிஷப் அவர் கண்ணில் படுவதே இல்லை. அந்த மூலையில் ஒரு பிஷப் உட்கார்ந்துவிட்டால் என் கண் அதை விட்டு நகராது. அவர் கவலையில்லாமல் ஆடிக்கொண்டிருப்பார்.

டைரியைக் காட்டிய அன்று சண்டை வந்தது.

"ஏட்டி, குதிரை எப்படிப் போவும்னு ஒனக்கு ரெண்டு மாசமாத்தான் தெரியும். நீ எனக்கு ரிப்போர்ட் எழுதுதியா?"

"குதிரைய பத்தி நான் ஒண்ணுமே எழுதலீங்க. உங்கள பத்திதான் எழுதிகினு வந்தேன்."

அது அவருக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. மறுநாளிலிருந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். ஸ்க்ரீன் எனக்குத் தெரியாது. டைரியை நான் துணி அலமாரியில் போட்டுவிட்டேன்.

ஆடி மாதம் அவர் பைக்கில் ஒரகடத்திலிருந்து வரும்போது சாலையோர மணலில் சறுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. சம்பளத்தோடு லீவு கிடைத்ததால் மற்றபடி கவலை இல்லை. ஆனால் நான் வேலைக்குப் போன பிறகு அந்த மனிதர் பகல் முழுக்கத் தனியாக என்ன செய்வார்? இடது கையால் ஆடிப் பார்த்திருக்கிறார். காயை ஒரு கட்டத்தில் வைக்கப் போனால் பக்கத்துக் கட்டத்தில் விழுந்திருக்கிறது. அந்த வருடம் கரன்ட்டும் எப்போது போகும் என்று தெரியாது. மின்விசிறியும் இல்லாமல், ஆட்டமும் இல்லாமல் உட்கார்ந்திருப்பார். நாலாம் நாள் நான் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"நான் சொல்லுதேன், நீ காயை நவுத்துதியா? இன்னைக்கு மட்டும்."

முதல் ஆட்டம் கேலிக்கூத்து. "குதிரை எஃப் ஃபைவ்" என்றார். கட்டங்களுக்கு எழுத்தும் எண்ணும்தான் பெயர். எஃப் எந்த வரிசை என்று ஏ-யிலிருந்து எண்ணிக்கொண்டு போனேன். அவர் பக்கத்தில் துடித்தார். ஒரு காயையும் பறிகொடுக்காமலே நேரம் தீர்ந்து தோற்றோம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கும் கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு வந்தது. "இது ஒனக்கு ஆவாது" என்று சொல்லிப் பத்து நிமிட ஆட்டத்துக்கு மாற்றச் சொன்னார்.

அப்போதுதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவர் சொல்வதற்கும் நான் நகர்த்துவதற்கும் நடுவே சில விநாடி இடைவெளி இருந்ததல்லவா, அதற்குள் "இரு இரு, வேண்டாம்" என்பார். ஒரு ஆட்டத்தில் ஐந்தாறு தடவையாவது என் விரல் அந்தரத்தில் நிற்கும். கை தானாக ஓடியவரை அவருக்குத் தெரியாத தப்புகள், வாயால் சொல்லிக் காதால் கேட்டதும் தெரிந்தன.

ஒருநாள் "யானையை வச்சு அந்தச் சிப்பாயை எடு" என்றார்.

"எடுக்கவா?" என்று கேட்டேன். தப்பு தெரிந்து நான் கேட்கவில்லை. வயரை வெட்டுவதற்கு முன்னால் ஒருமுறை கேட்டுக்கொள்வது கம்பெனிப் பழக்கம்.

"எடுன்னா எடு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். இடது மூலையில் எதிராளியின் பிஷப் இருந்தது. யானை அந்த இடத்தை விட்டு நகர்ந்தால் அதன் பின்னால் இருக்கும் ராணி போய்விடும். ஆட்டம் முடிந்ததும், "அந்த டைரி எங்க இருக்கு?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். இடது கையால் பக்கம் பக்கமாகத் திருப்பி எல்லாவற்றையும் படித்தார். அன்றைக்கு ரசம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் ஆட்டம் மாறியது. ராஜாவை முதலில் பத்திரப்படுத்தினார். சிப்பாயைச் சும்மா கொடுப்பதில்லை. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னால் நாலு மூலையையும் பார்த்தார். தோல்வி குறைந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. கம்பெனியில் ஒரு தப்பைக் கண்டுபிடித்து லைனைச் சரிசெய்தது போல இருந்தது. ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஆட்டங்கள் டிராவில் முடிந்துகொண்டிருந்தன. குதிரைகள் எங்கள் பக்கத்திலேயே மேய்ந்தன.

"இப்பலாம் தோக்கறதே இல்லியே, அப்புறம் இன்னாங்க?" என்று கேட்டேன்.

"செயிக்கவும் இல்லியே. முன்னல்லாம் அவனுவளுக்கு என்னைக் கண்டா ஒரு பயம் இருக்கும். நாம பயந்து ஆடுதோம்லா, அது அவனுவளுக்குத் தெரிஞ்சு போச்சு."

அன்று பாத்திரம் கழுவும்போது அதைப் பற்றி யோசித்தேன். வயர் கட்டில் தப்பான முனையை வெட்டி எறிந்துவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம். மற்ற வயர்களுக்கு ஒன்றும் ஆகாது. அவரிடம் நான் குறை என்று எழுதிய அவசரமும், நான் அழகு என்று பார்த்த துணிச்சலும் ஒரே வயராக இருந்தால் என்ன செய்வது? எதை வெட்டுவது? என் சிவப்புச் சீட்டில் இதற்கு இடமில்லை. டைரியில் எழுதியதில் ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து அவரிடம் சொன்னேன்.

"மத்ததெல்லாம் உங்க இஷ்டம். எப்படி வேணா ஆடுங்க. ரெண்டு ஆட்டம் வரிசையா தோத்தா மூடி வச்சிட்டு எழுந்துடணும். அதுக்கப்புறம் ஆடறது ஆட்டமே இல்லீங்க, கோவம்."

யோசித்துவிட்டுச் சரி என்றார்.

கட்டுப் பிரித்த அன்று மணிக்கட்டு மெலிந்து வெளுத்திருந்தது. மாலையே மூன்று நிமிட ஆட்டம். நாலாவது நகர்த்தலில் சிப்பாயைத் தூக்கிக் கொடுத்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த ஆட்டத்தைத் தோற்றார், அடுத்ததையும் தோற்றார். மூடி வைத்துவிட்டு எழுந்து தண்ணீர் கேன் வாங்கக் கடைக்குப் போனார். சில நாள் சொன்ன பேச்சை மீறுவார். நானும் கண்டுகொள்ளாமல் இருப்பேன். ஆனாலும் அந்த ஐப்பசியில் அவர் ரேட்டிங் அதுவரை தொடாத உயரத்துக்குப் போனது. செல்போனில் ஸ்க்ரீனைப் படம் பிடித்து எல்லாருக்கும் காட்டினார். ஒரு மாதம் அங்கே நின்றுவிட்டுப் பழைய இடத்துக்கே இறங்கியது. குறுக்கே வரும் பிஷப்பைச் சில நாள் பார்ப்பார், சில நாள் பார்க்க மாட்டார். மூச்சுக்குள்ளேயே நகர்த்தலைச் சொல்லிக்கொண்டு ஆடும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நானும் தனியாகப் பத்து நிமிட ஆட்டம் ஆடத் தொடங்கியிருந்தேன். ஒரு ஞாயிறு மதியம் அவர் என் பின்னால் வந்து நின்றார். அப்போதுதான் ஒரு யானையைத் தொலைத்திருந்தேன். தோல்வியை ஒப்புக்கொள்ளும் ரிசைன் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனேன்.

"நீ ஏம் எப்பவும் பாதியிலயே எந்திரிச்சிருத?"

"யானை பூடிச்சிங்க. இனிமே இன்னா பண்றது?"

"போனா போவுது. அவனும் மனுசந்தான, அவனுக்கும் தப்பு வராதா? நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், நீ ஒரு ஆட்டத்தையும் கடைசி வரை ஆடுனதே இல்ல."

சுருக்கென்றது. அவர் சொன்னது சரி. கெட்டுப்போன ஒன்றைப் பலகையிலேயே வைத்துக்கொண்டிருக்க என்னால் முடிவதில்லை. உடனே எடுத்து ஓரமாகப் போட்டால்தான் எனக்கு மூச்சு வரும். அது என் கெட்டிக்காரத்தனம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

விரலை எடுத்துவிட்டு ஒரு சிப்பாயை நகர்த்தினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு நகர்த்தலும் சொல்லித்தரவில்லை. முப்பது நகர்த்தல் கழித்து அந்த ஆட்டத்தையும் தோற்றேன்.