கிழிந்த விடைப் பக்கங்கள்

சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு முந்திய மாதங்களில், கிள்ளானிலிருந்து வந்து படித்த வகுப்புத் தோழன் ஒருவனும் நானும் பள்ளி விட்டதும் கோலாலம்பூர் ரயில் நிலையப் பெஞ்சில் உட்கார்ந்து வேதியியல் கணக்குப் போடுவோம். அவனுடைய ரயில் வரும்வரைதான். புத்தகம் அவனுடையது, பழசு. கடைசியில் இருக்க வேண்டிய விடைப் பக்கங்கள் கிழிந்திருந்தன.

"வாங்குறப்பவே இப்படித்தான் இருந்துச்சு" என்றான். நான் நம்பவில்லை. மீள்வினை, சமநிலை, வெப்பம் என்று எந்தக் கணக்கானாலும் நான் பாதியில் திணறும்போதே அவன் விடைக்கு அடிக்கோடு போட்டிருப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பக்கங்கள் அவன் தலையணைக்கு அடியில்தான் இருக்கின்றன என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஒருநாள், புத்தகத்தில் இல்லாத கணக்கு ஒன்றை நானே இட்டுக்கட்டினேன். அமோனியா உண்டாகும்போது வெளிவரும் வெப்பம், அதே அமோனியா திரும்பப் பிரியும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பம் என்று வாய்க்கு வந்த இரண்டு வெவ்வேறு எண்களை எழுதி, "வாத்தியார் குடுத்தது" என்று நீட்டினேன்.

அவன் பென்சிலைத் தொடவேயில்லை.

"போறப்ப விடுற சூடும் திரும்புறப்ப எடுக்குற சூடும் ஒண்ணாத்தானே இருக்கணும்? வாத்தியார் இப்படிக் குடுக்கமாட்டாரு. நீயா எழுதுனியா?"

அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு பையிலிருந்து இன்னொரு நோட்டை எடுத்து என் மடியில் போட்டான். ஒவ்வொரு கணக்கையும் மூன்று நான்கு முறை போட்டு, அடித்து, மறுபடி போட்டிருந்தான்.

"வீட்டுல போட்டுப் பாத்துட்டுத்தான் வரேன்" என்றான்.

மறுநாளும் அதே பெஞ்சுக்கு வந்தான். கணக்கும் போட்டான், இடது கையால் நோட்டை மறைத்துக்கொண்டு.