கட்டுப் போட்ட வாத்து

என் அண்ணி நிமிடத்துக்கு நூற்றிருபது பாட்டில் பார்ப்பார். குளிர்பானத் தொழிற்சாலையில் கழுவி வரும் காலி பாட்டில்கள், ஒரு வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். எதிரே ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்திருப்பவரின் வலது கட்டைவிரலுக்கு அடியில் ஒரு பட்டன். வாய் உடைந்தது, விரிசல் விட்டது, உள்ளே உறிஞ்சுகுழல் ஒட்டிக்கொண்டது என்று ஏதாவது கண்ணில் பட்டதும் பட்டனை அழுத்த வேண்டும். ஒரு சின்னத் தண்டு வந்து அந்தப் பாட்டிலைக் கூடைக்குள் தள்ளிவிடும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றிவிடுவார்கள். அதற்கு மேல் உட்கார்ந்தால் கண் திறந்திருக்கும், ஆனால் எதுவும் தெரியாது என்பார் அண்ணி. இருபத்திரண்டு வருடமாக இதுதான் அவர் வேலை.

வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க முடியாது. நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனால், "தம்பி, மூணாவது பட்டனை வேற கலர் நூல்ல தைச்சிருக்கான்" என்பார். சட்டையைப் பற்றி அவ்வளவுதான்.

"இவ கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டே பொறந்தவ" என்பார் அண்ணன். "என்னை மட்டும் எப்படிக் கூடையில தள்ளாம விட்டான்னு இன்னிக்கும் புரியல."

"வரிசை இன்னும் முடியலைங்க" என்பார் அண்ணி.

நான் சிரிப்பேன். ஆனால் அந்தக் கண்ணுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது. நான்கு வருடத்துக்கு முன்னால், அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணி பரிமாறுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார். "தம்பி, கண்ணுல வெள்ளை, வெள்ளையா இல்லையே, மஞ்சளா இருக்கே." தூக்கம் சரியில்லை என்று சமாளித்தேன். அவர் விடவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு என்னை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனார். பித்தக் குழாயில் ஒரு கட்டி. இன்னும் ஒரு மாதம் தள்ளியிருந்தால் கத்தி வைத்தும் பயனில்லை என்றார் அறுவை மருத்துவர். பிழைத்து வந்தபின் நான் அண்ணிக்கு முறையாக நன்றி சொல்லவில்லை. நல்ல வார்த்தை என் வாயிலிருந்து லேசில் வராது. குறையைச் சொல்வதற்குக் காரணம் காட்டினால் போதும், பாராட்டுவதற்கோ தன்னையே கொஞ்சம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு காலத்தில் எழுதி வைத்திருந்தேன். எழுதியதோடு சரி.

அதே கண் அவருடைய மகளையும் தூரத் தள்ளிவிட்டது. அண்ணன் மகள் வேறொரு ஊரில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். தன் சம்பளத்தில் முதல் முதலாக ஒரு வீடு வாடகைக்குப் பிடித்து, கூடத்தைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். அண்ணி பதில் எழுதினார்: "ஜன்னலுக்கு மேல ஈரம் கசியுது பாரு." வேறு ஒரு வார்த்தை இல்லை. உடனே போன் வந்தது. "ஏம்மா, உனக்கு வீடே தெரியலையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அதன்பிறகு ஏழு மாதம் அப்பாவிடம் மட்டும்தான் பேசினாள். அண்ணன் போனின் ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து பேசுவார். சமையலறையில் குழாய் மூடப்படும் சத்தம் கேட்கும். பேசி முடிக்கும்வரை அது திறக்காது.

ஒரு நாள் அப்படிப் பேசி முடித்தபின் அண்ணன் சொன்னார், "இன்னும் அந்தப் பொம்மைப் பார்க்கைத்தான் கட்டிக்கிட்டிருக்காளாம்."

அது ஒரு வீடியோ கேம். ராட்டினம், ரயில், நீர்ச்சறுக்கு எல்லாம் வைத்துத் தனக்கென்று ஒரு தீம் பார்க் கட்டிக்கொள்ளலாம். மகள் படிக்கும் காலத்தில் ஆடிய பெட்டி இன்னும் டிவிக்கு அடியில் தூசியோடு கிடந்தது. அண்ணி துணியை எடுத்து அதைத் துடைத்தபடியே என்னைக் கேட்டார், "தம்பி, அவ பார்க்குக்குள்ள நாம போக முடியுமா?"

முடியும். இணையம் வழியாகப் போகலாம், ஆனால் அவளுடையது பெரிய பார்க். அதன் வாசல் திறக்க ஐந்து பதக்கம் வேண்டும். நம் பெட்டியிலிருக்கும் பார்க்கின் ஐந்து மினி கேம்களிலும் ஜெயித்தால்தான் அவை கிடைக்கும். மகள் என்றோ அப்பாவுக்காக உருவாக்கி வைத்த பொம்மை ஆள் ஒருவன் பெட்டிக்குள் இருந்தான். வழுக்கைத் தலை, பெரிய மீசை. அந்த மீசைக்காரனாகத்தான் அண்ணி களத்தில் இறங்கினார்.

காலை ஷிப்ட் முடிந்து மூன்றரைக்கு வீடு திரும்புவார். நான் நான்கு மணிக்குப் போவேன். அவர் சொல்லச் சொல்ல ஒரு பழைய டைரியில் குறிப்பெழுதுவது என் வேலை. ஆடும் கருவியை அவர் 'ரிமோட்' என்றுதான் சொல்வார்.

வளையம் எறிவதில் முதல் நாளே பதக்கம். "வளையத்தைப் பாக்கக் கூடாது, பாட்டில் வாயைப் பாக்கணும், கை தானாப் போகும், எழுதிக்கோங்க." எழுதினேன். "அந்த ரெண்டாவது பாட்டில்ல வாய் லேசா உடைஞ்ச மாதிரி வரைஞ்சிருக்கான்." அதை எழுதவில்லை. மூன்று கிண்ணத்தைக் கவிழ்த்து மாற்றி மாற்றி நகர்த்தி, பந்து எதற்குள் என்று கேட்கும் ஆட்டம் அவருக்கு ஆட்டமே இல்லை. பந்துள்ள கிண்ணம் கிளம்பும்போது மட்டும் மயிரிழை தாமதிக்கிறது என்று நான்கே முறையில் கண்டுபிடித்தார். நான் இருபது முறை பார்த்தும் எனக்கு அது தெரியவில்லை. சுத்தியல் ஆட்டத்தில் முள் உச்சிக்கு வந்தபின் அழுத்தினால் பிந்திவிடும். ஒரு விரல்கடை முன்னாலேயே அழுத்த வேண்டும். மீன் பிடிப்பதில் மட்டும் என் பங்கு கொஞ்சம் உண்டு: முதல் இரண்டு இழுப்பும் ஏமாற்று, மூன்றாவதுதான் கடி. அண்ணிக்கோ முதல் இழுப்புக்கே விரல் துடிக்கும். "பொறுங்க அண்ணி, பொறுங்க" என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டது.

ஐந்தாவது ஆட்டத்தில் மாட்டிக்கொண்டார்.

குளத்தில் மஞ்சள் வாத்துகள் வரிசையாக மிதந்து வரும். ஒவ்வொன்றாகத் தண்ணீர்த் துப்பாக்கியால் அடிக்க வேண்டும். இடையிடையே தலையில் கட்டுப் போட்ட ஒரு வாத்து வரும். அதை அடித்துவிட்டால் அதுவரை எடுத்த புள்ளியெல்லாம் போச்சு. தவறாமல் முப்பது அடித்தால் பதக்கம்.

அண்ணி நல்ல வாத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போக விட்டார். கட்டுப் போட்டது வந்ததும் கட்டைவிரல் மின்னலாக இறங்கியது.

"ஐயோ அண்ணி! அது அடிபட்ட வாத்து!"

"தெரியுது தம்பி. கை கேக்க மாட்டேங்குது."

ஒரு வாரம் போயிற்று. பத்து நாள் ஆயிற்று. இடது கையால் ஆடிப் பார்த்தார், வேகம் போதவில்லை. விரலில் பிளாஸ்திரி சுற்றிப் பார்த்தார். விடாமல், தப்பாமல், ஒரு குறி பிசகாமல் அந்த ஒரு வாத்தை மட்டும் அடித்தார்.

"அந்தக் குளத்துல அடிபடாத வாத்துக்கு ஒரு பயமும் இல்லை" என்றார் அண்ணன். "ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தது மட்டும்தான் உன்னைக் கண்டா நடுங்குது."

அண்ணி சிரிக்கவில்லை. ரிமோட்டை மடியில் வைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல பாட்டில் எப்படி இருக்கும்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது தம்பி" என்றார். "நான் அதைப் பாத்ததே இல்லை. அது பாட்டுக்குப் போய்டும்."

என்னிடம் சொன்னதுபோலத் தோன்றவில்லை.

மறுநாள் நான் படியேறும்போதே அவர் குரல் கேட்டது. "நல்லா இருக்கு... நல்லா இருக்கு... நல்லா இருக்கு..." உள்ளே போனால், ஒவ்வொரு வாத்துக்கும் சத்தமாக ஒருமுறை சொல்லி, அந்தச் சொல்லோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தார். கட்டுப் போட்டது வரும்போது சொல்வதற்கு ஒன்றுமில்லை. வாய் சும்மா இருந்தது, விரலும் சும்மா இருந்தது. இருபத்தொன்பது. முப்பது. பெட்டிக்குள் வாணவேடிக்கை. மீசைக்காரன் குதித்தான்.

குளியலறையிலிருந்து துண்டோடு எட்டிப் பார்த்தார் அண்ணன். "இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்துல இந்த வார்த்தைய இன்னிக்குத்தான் இவ வாயால கேக்குறேன். அதுவும் வாத்துக்கிட்ட."

மகளின் பார்க் வாசல் திறந்தது.

உள்ளே பெரிய ராட்டினம், ஏரி, அதைச் சுற்றி ஓடும் குட்டி ரயில், சீராக வெட்டிய புல்வெளி. மீசைக்காரன் மெதுவாக நடந்தான். எதையும் அவசரமாகக் கடக்கவில்லை. ஓரத்தில் ஒரு பெஞ்ச் மட்டும் ஏரிக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்துக் கிடந்தது. அண்ணியின் கண் அதில் நின்றதைப் பார்த்தேன்.

அப்போது சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண் ராட்டினத்துக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தாள். தலைக்கு மேல் எழுத்து விரிந்தது: "அப்பா! நீங்களா? வாத்தை எப்படி ஜெயிச்சீங்க? எனக்கே ரெண்டு மாசம் ஆச்சு!"

"ஆமான்னு போட்டுடு" என்றார் அண்ணன், சட்டைக்குள் கையை நுழைத்தபடி. "நான்னே நினைச்சுக்கட்டும். கொஞ்ச நேரம் சந்தோஷமாப் பேசிட்டு வா."

அது மோசமான யோசனை இல்லை. நானும் அதைத்தான் நினைத்தேன். அண்ணி ரிமோட்டால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினார். "அம்மா."

சிவப்புத் தொப்பி அசையாமல் நின்றது. குட்டி ரயில் ஒரு சுற்று முடித்துவிட்டு வந்தது. இன்னொரு சுற்று. அண்ணனின் ஒரு கை சட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. அவள் வெளியேறிவிட்டால் அந்த வாசல் மறுபடி திறக்குமா என்று எங்கள் மூவருக்கும் தெரியாது.

"வாத்தை எப்படி ஜெயிச்ச?" என்று கடைசியில் எழுத்து வந்தது.

அண்ணி வெகுநேரம் எடுத்துப் பதில் போட்டார். "ஒவ்வொண்ணையும் நல்லா இருக்குன்னு சொல்லிட்டு அடிக்கணும். அடிபட்டதை ஒண்ணும் சொல்லாம விட்டுடணும்."

"நீயா சொன்ன? நல்லா இருக்குன்னு?"

"முப்பது தடவை."

மறுபடி ரயில் ஒரு சுற்று. பிறகு: "சரி, என் பார்க்குல என்ன குறைன்னு சொல்லு. கேட்டுக்கறேன்."

அண்ணி எழுதினார். "ரொம்ப நேரம் நடந்துட்டேன். கொஞ்சம் உக்காந்துக்கறேன்." மீசைக்காரனை நடத்திக்கொண்டு போய், அந்தச் சுவர் பார்த்த பெஞ்சிலேயே உட்கார வைத்தார்.

சிவப்புத் தொப்பி மெல்ல வந்து பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றது. பெஞ்ச் ஒரு குலுங்கு குலுங்கி, மீசைக்காரனையும் சேர்த்துக்கொண்டு ஏரிப் பக்கம் திரும்பியது. பிறகு அவளும் உட்கார்ந்தாள்.

"ஜன்னல் ஈரம் போன வாரம் சரியாச்சும்மா," என்று எழுத்து வந்தது. "சுவத்துக்குள்ள பைப் உடைஞ்சிருந்துச்சாம். இப்பவே பாத்தது நல்லதாப் போச்சு, இல்லேன்னா கரன்ட் ஒயருக்கு இறங்கியிருக்கும்னு வீட்டுக்காரர் சொன்னாரு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அண்ணி பதில் எழுத ஆரம்பித்தார். எழுத்து கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. அண்ணன் பழக்கத்தில் எழுந்துபோய்த் தன்னுடையதை எடுத்துப் பார்த்தார். "என்னோடது இல்லை" என்றார்.

அண்ணி ரிமோட்டை என் கையில் திணித்துவிட்டுப் போனோடு சமையலறைக்குப் போனார். பேச்சு எனக்குக் கேட்கவில்லை. நான் அந்தப் பெட்டிக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து, அண்ணியின் கண்ணால் எனக்குக் கிடைத்த நான்கு வருடங்களை நினைத்துக்கொண்டேன். அவர் வெளியே வந்ததும் அந்த நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். பழக்கமில்லாத வேலை, ஒத்திகை தேவைப்பட்டது. வாத்துக் குளத்தைத் திறந்தேன். "நல்லா இருக்கு" என்றேன், முதலில் வாய்க்குள், பிறகு சத்தமாக. "நல்லா இருக்கு. நல்லா இருக்கு."

பத்தொன்பதாவதில் தோற்றேன். அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் அண்ணி சிரித்தார். நான் அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன்.